கப்பலுக்குக் கையசைத்தவள்

“அந்தக் கையைப் பொறந்த அன்னைக்கே முறிச்சுப் போட்டிருக்கணும்டி!”

“முறிச்சிருக்கலாமே! ரெண்டு வருஷமா அந்தக் கை மீன் அறுத்துத்தானே இந்த வீட்டு அடுப்புல கரி எரிஞ்சுது?”

“கையசைச்சுட்டு வந்து வாயும் பேசுறியா? பெத்த அப்பன் போற கப்பலுக்கு! அதுவும் பச்சைக் கோட்டைப் போட்டுக்கிட்டு! பச்சை!”

எதிர்வீட்டில் இது நடந்துகொண்டிருந்தபோது நான் என் வீட்டு ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வியாழக்கிழமை அது மூன்றாவது தடவை. எங்கள் சந்தில் இந்தப் பக்கம் ஆறு வீடு, அந்தப் பக்கம் ஆறு வீடு, நடுவில் இரண்டு பேர் குடை விரித்தால் இடித்துக்கொள்ளும் அகலம். யார் வீட்டில் சண்டை நடந்தாலும் ஒட்டுக்கேட்கிற கஷ்டம் கிடையாது. கண்ணாடி துடைப்பதெல்லாம் ஒரு மரியாதைக்காக.

முதலில் கத்தியவள் எட்னா ஸ்டாதர்ஸ். பதிலுக்குக் கத்தியவள் அவளுடைய ஒரே மகள் கிளெண்டா, வயது பதினெட்டு. நான்கு மாதம் முன்புவரை எங்கள் துறைமுக ஊரின் ஹெஸில் ரோட்டு மீன் கூடத்தில் ரப்பர் பூட்ஸும் தலைத்துணியுமாக நின்று ஹாடக் மீனைப் பிளந்துகொண்டிருந்தவள். சனிக்கிழமைகளில் தொழிலாளர் கிளப்பில் பாடுவாள். அங்கே ஒரு லண்டன்காரன் பார்த்தான், கூட்டிப்போனான், லிண்டி லேன் என்று பெயரை மாற்றினான், ஒரு பாட்டைக் கொடுத்தான். ‘கையசைத்து வழியனுப்பு.’ இசைத்தட்டு வெளிவந்து மூன்று வாரத்தில் நாட்டுப் பட்டியலில் இருபத்து மூன்றாம் இடம். பல்லவி வரும்போதெல்லாம் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்ட வேண்டும். இங்கிலாந்து முழுக்கப் பிள்ளைகள் ஆட்டிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவில் மட்டும் ஆட்டிய பிள்ளைகளின் முட்டியில் கரண்டி விழுந்தது.

எங்கள் ஆண்கள் மூன்று வாரம் ஐஸ்லாந்துப் பக்கம் மீன் பிடித்து, மூன்று நாள் வீட்டில் இருந்து, மறுபடி போகிறவர்கள். அவர்கள் கிளம்பும் நாளில் வீட்டில் துணி துவைக்கக் கூடாது. துவைத்தால் ஆளையும் சேர்த்து அலசிவிட்டதாக அர்த்தம். பச்சை உடுத்தக் கூடாது. பெண்கள் துறைப்பக்கம் போகவே கூடாது. போய்க் கையசைத்தால் அதுவே கடைசி விடை. இதையெல்லாம் யார் சொன்னது என்று எவரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஒரு கப்பல் மூழ்கிப்போனால் யார் பொறுப்பு?

இந்த மகராசி என்ன செய்திருந்தாள் என்றால், பதினொரு நாள் முன்பு ‘லேடி மார்ஃப்ளீட்’ கிளம்பிய காலையில், துறை வாசலில் பச்சைக் கோட்டோடு நின்று, வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டியிருந்தாள். பின்னால் கப்பல். கப்பலில் அவள் அப்பா வால்ட்டர். அந்தப் படத்தை அன்றைக்குச் சாயங்காலப் பேப்பரில் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். அதே சாயங்காலம்தான், ஐந்து நாளாக ‘லேடி மார்ஃப்ளீட்’டிலிருந்து வயர்லெஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை என்று கப்பல்காரர் ஆபீஸிலிருந்து ஆள் வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அந்தக் கப்பலில்தான் என் புருஷன் ஃப்ரெட்டும் இருந்தான். சமையல்காரன். ஆகையால் கண்ணாடியைத் துடைத்தது போதும் என்று துணியைப் போட்டுவிட்டு நானும் எட்னா வீட்டுக்குள் போனேன். எனக்குப் பின்னால் சந்திலுள்ள மற்ற பெண்களும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

“வா ஐவி, நீயே கேளு,” என்றாள் எட்னா. “உன் புருஷனையும் சேர்த்துத்தான் வழியனுப்பி வச்சிருக்கா.”

“உனக்கென்னடி குறைச்சல்?” என்று நான் ஆரம்பித்தேன். எனக்கு ஆரம்பிக்கத் தெரியும். “லண்டன்ல நிக்க இடமா இல்ல? கையசைக்க அங்க பஸ் இல்ல, ரயில் இல்ல? எங்க ஆம்பளைங்க கப்பல்தான் கிடைச்சுதா? ஃப்ரெட்டுக்கு ஏதாவது ஆச்சு, உன் தலைமுடியில ஒண்ணு மிஞ்சாது, சொல்லிட்டேன்.”

கிளெண்டா என்னைப் பார்த்தாள். ஒரு புருவம் மட்டும் மேலே போனது. அதை அப்புறம் சொல்கிறேன்.

“ஆன்ட்டி, போன தடவை வீட்டுக்கு வந்தப்ப அப்பா என்ன சொன்னாரு? வயர்லெஸ் இருமுது, பாதி நேரம் பேச மாட்டேங்குதுன்னு சொன்னாரா இல்லையா? இந்த மேஜையில உக்காந்துதானே சொன்னாரு? இந்த ஒரு தடவை போயிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்னு ஆபீஸ்ல சொன்னதா சொல்லல? நீங்களும்தானே இருந்தீங்க, ஒரு கையில கேக்கோட?”

“அது வேற பேச்சு.”

“அதுதான் பேச்சு! போங்க, எல்லாரும் போய் அந்த ஆபீஸ் கதவைத் தட்டுங்க. இப்ப என்கிட்டக் கத்துற கத்தல்ல பாதியை அங்க கத்துங்க. ரூபி ஆன்ட்டி, போன வருஷம் உங்க வீட்டுக்காரர் போன கப்பலுக்கு யாராவது கையசைச்சாங்களா? நீங்க துணி துவைச்சீங்களா? பச்சை கட்டினீங்களா? எல்லாம் சரியாத்தானே செஞ்சீங்க? இருபது பேர்ல ஒருத்தராவது வந்தாங்களா?”

ரூபிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மீன் கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள், பூட்ஸோடு. அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்னா மகளை அறைந்தாள். சத்தம் பெரிதாகக் கேட்டது.

“ஆபீஸ்ல போய்க் கத்தினா அடுத்த தடவை உங்க அப்பனுக்குக் கப்பல் கிடைக்குமாடி? கத்தினவ புருஷன் பேரைச் சிவப்பு மையில அடிச்சுட்டுப் போயிடுவான். உனக்கென்ன, பாட்டுப் பாடிட்டுப் போயிடுவ.”

“ஓ! அவன்கிட்டக் கத்த பயம், அதனால என்கிட்டக் கத்துறீங்க. அப்படிச் சொல்லுங்க,” என்றாள் கிளெண்டா. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

இனி அந்தப் புருவத்தின் கதை.

கப்பல் கிளம்பிய அன்று காலை ஆறு மணிக்கு இஸ்திரிப் பெட்டி கேட்டு கிளெண்டா என் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்தப் பச்சைக் கோட்டு. “லண்டன்காரர் வாங்கிக் கொடுத்தது, ஆன்ட்டி. போட்டோ எடுக்கணுமாம். பச்சை வேண்டாம்னு சொன்னேன், சிரிக்கிறாரு” என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஏனென்றால் அவள் கண் என் தோளுக்குப் பின்னால் போயிருந்தது. அங்கே, அடுப்புக்கு முன்னால் நாற்காலி முதுகில், என் வெள்ளைப் பட்டுச் சட்டை சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். இருப்பது அந்த ஒரு நல்ல சட்டை. அதன்மேல்தான் பூனை இரவெல்லாம் படுத்திருந்தது, மீன் தலையைத் தின்றுவிட்டு. ஃப்ரெட் கதவைத் தாண்டி முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை. ஒரே ஒரு சட்டைதானே, அதுவும் சோப்பு அதிகம் போடாமல், கதவைச் சாத்திக்கொண்டு, கடலுக்குத் தெரியாமல் என்று நினைத்தேன். ஆளுக்கு ஒரு குற்றத்தோடு நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் புருவத்தை உயர்த்தினாள். நான் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்தேன். விஷயம் முடிந்தது.

வியாழக்கிழமை அந்தக் கூட்டத்தில் அவள் ஒரு வார்த்தை விட்டிருந்தால் போதும், எல்லா நகமும் என் பக்கம் திரும்பியிருக்கும். அவள் விடவில்லை. அதற்காக அவளிடம் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். நம் குட்டு ஒருத்தி கையில் இருக்கும்போது அவளை நேசிப்பது லேசு இல்லை.

வெள்ளிக்கிழமை லண்டன்காரன் காரில் வந்தான். டெரெக் பாஸ்கோம்ப். மான்தோல் ஷூ, கழுத்தில் பட்டுத்துணி, சந்துக்குள் கார் நுழையாது என்றதும் முகத்தில் ஒரு சுளிப்பு. மறுநாள் சாயங்காலம் டெலிவிஷனில் நேரடி நிகழ்ச்சி, நாடே பார்ப்பது. அதற்குக் கிளெண்டாவைக் கூட்டிப்போக வந்திருந்தான். சந்து முழுக்கப் பெண்கள் வாசலில் நிற்பதைப் பார்த்து, ரசிகர்கள் என்று நினைத்துக் கையை வேறு ஆட்டினான்.

எட்னா வாசலை மறித்து நின்றாள். “அவ வரமாட்டா.”

“மிஸஸ் ஸ்டாதர்ஸ், கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தம்,” என்றான். வருத்தம் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. “ஆனா யோசிச்சுப் பாருங்க. அப்பா கடல்ல காணோம், மக கையசைச்சுக்கிட்டே பாடுறா. லண்டன் பேப்பர் எல்லாம் என்கிட்டப் பேசிட்டாங்க. இருபத்து மூணாம் இடமா? திங்கட்கிழமை மூணாம் இடம்! நாம நினைச்சாலும் இப்படி ஒரு சந்தர்ப்பம் அமையுமா?”

ரூபி கையில் அப்போது ஒரு வாளி இருந்தது. மீன் கழுவிய தண்ணீர், வாசலைத் தாண்டிச் சாக்கடையில் கொட்ட வந்தவள். கொட்டினாள். சாக்கடை வரை போகவில்லை, அவ்வளவுதான்.

மான்தோல் ஷூவில் ஹாடக் செதில் மின்னியது. அவனுடைய கார் டிரைவர் சந்து முனையில் நின்றுகொண்டு தொப்பியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன், ரூபியும் பார்த்தாள்.

அதற்குள் கிளெண்டா பெட்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

“எங்கடி போற?”

“பாடப் போறேன். நாலு வருஷமா கிளப்புல, பிங்கோ ஆட்டத்துக்கு நடுவுல, எவனும் காது கொடுக்காத நேரத்துல பாடிட்டு இருந்தேன். இந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான். இப்ப விட்டா மறுபடி பூட்ஸ்தான்மா.”

“போ. அந்தப் பாட்டைப் பாடி, அந்தக் கையை நீ தூக்கினேன்னா, இந்த வாசப்படியை மிதிக்காதே. உங்க அப்பன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

“அப்பா வரணும்னு எனக்கு மட்டும் இல்லையா?” என்று அவள் கத்தினாள். அப்போதுதான் முதல் தடவை குரல் உடைந்தது. பாஸ்கோம்ப் அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் உதறினாள். ஆனால் காரில் ஏறினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டில் பதினான்கு பேர். சந்தில் டெலிவிஷன் என்னிடம்தான் உண்டு. அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. கப்பலைப் பற்றி இன்னும் செய்தி இல்லை. ஏழு நாள். எட்னா வரமாட்டேன் என்றாள், பிறகு வந்தாள், உட்கார மாட்டேன் என்று கதவோரம் நின்றாள்.

தலை வாரிய ஒருவன் வந்து சொன்னான்: “தந்தை கடலில் இருக்க, தைரியமாக நம் முன்னால் வந்திருக்கிறாள் லிண்டி லேன்!” அந்தப் பயலின் பல்லைப் பார்க்க வேண்டுமே.

கிளெண்டா வந்தாள். கருப்பு வெள்ளைப் பெட்டியில் கோட்டு பச்சையா என்று தெரியாது. ஆனால் அந்தக் கோட்டுதான். பின்னால் அட்டையில் செய்த கப்பல், அதன்மேல் மாலுமி வேஷத்தில் ஆறு பேர். இசை ஆரம்பித்தது. பாடினாள். என்ன சொல்வது, நன்றாகத்தான் பாடினாள். பல்லவி வந்தது. பின்னால் ஆறு பேரும் கையைத் தூக்கி ஆட்டினார்கள். பார்க்க வந்த கூட்டம் முழுக்க ஆட்டியது.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

முதல் பல்லவி, இரண்டாம் பல்லவி, மூன்றாவது. பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கேமராவைப் பார்த்துப் பாடவில்லை, யாரையோ திட்டுவது போலப் பாடினாள். கடைசி வரியில் அந்தப் பல்காரன் ஓரத்தில் நின்று கையைத் தூக்கும்படி ஜாடை காட்டியதுகூட டெலிவிஷனில் தெரிந்தது. அவள் அசையவில்லை.

எட்னா, “கோட்டு பட்டனை மாத்திப் போட்டிருக்கா, கழுதை” என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை விடியற்காலை, கடல் ஓதம் ஏறும்போது, ‘லேடி மார்ஃப்ளீட்’ வந்து சேர்ந்தது. பனிக்கட்டியில் கொடிமரம் பாதி ஒடிந்து, வயர்லெஸ் செத்து, பத்தொன்பது பேரும் உயிரோடு. ஐஸ்லாந்தில் ஒரு மலைக்குடாவில் ஒதுங்கிக் கிடந்திருக்கிறார்கள், நாங்கள் எல்லாம் இங்கே செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்க. என் ஃப்ரெட் வீட்டுக்குள் வந்ததும் முதலில் கேட்டது, “தின்ன என்ன இருக்கு?” என்று. சமையல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அந்தக் கொடுமை வேறு.

செவ்வாய்க்கிழமை கிளெண்டா ரயிலில் வந்தாள். பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு. சந்துக்குள் நுழைந்ததும் பன்னிரண்டு கதவும் திறந்தன. நான் உட்பட எல்லோரும் சிரித்தோம். ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்தாள். இன்னொருத்தி மீன் வடையும் உருளைக்கிழங்கு வறுவலும் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

“நீ கையைக் கட்டிக்கிட்ட பாரு, அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்டி கப்பல் திரும்பிடும்னு,” என்றேன் நான். “கையசைச்சு அனுப்பினதை நீயே கட்டி இழுத்துட்ட!”

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பழம் கையில் விழுந்த பிறகு காக்காயை யார் விரட்டுவார்கள்?

கிளெண்டா பெட்டியைக் கீழே வைத்தாள்.

“அப்ப மூழ்கியிருந்தாலும் நான்தான், வந்தாலும் நான்தானா?” மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். “வயர்லெஸ் ஓடாம அனுப்பினானே, அவன் எங்க வர்றான் இந்தக் கதையில? அவனுக்கு இதுல ஒரு வேஷமும் இல்லையா? பத்தொன்பது பேரை என் ரெண்டு கையிலயா கட்டித் தொங்க விட்டிருக்கீங்க?”

“ஏண்டி, நல்லதைத்தானே சொல்றோம்...”

“வேண்டாம் ஆன்ட்டி! நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். கையைக் கட்டினா கப்பல் வரும்னு நம்பியா நான் கட்டினேன்? கப்பல் வராம போயிருந்தா என்னை லண்டன்ல விட்டுட்டு, இங்க எங்க அம்மாவை நீங்க எல்லாரும் சேர்ந்து உரிச்சுத் தொங்க விட்டிருப்பீங்க. ரொட்டிக் கடையில ஒருத்திகூட அவங்க பக்கத்துல நின்னிருக்க மாட்டீங்க. அதுக்குத்தான் கட்டினேன். அதுக்காக அந்த லண்டன் ஆள் எல்லார் முன்னாலயும் என்னை மீன்காரச் சிறுக்கின்னான். அடுத்த பாட்டை வேற ஒரு பொண்ணுக்குக் கொடுத்துட்டான். ஒப்பந்தத்தைக் கிழிச்சு மூஞ்சியில போட்டான். தெரியுமா உங்களுக்கு? என் சனிக்கிழமை போச்சு!”

வாசலில் வால்ட்டர் நின்றிருந்தார். கைவிரல் இரண்டில் பனிக்கடி, கட்டுப் போட்டிருந்தது. அதிகம் பேசாத மனிதர். கடலில் பேசித் தீர்த்துவிடுவாரோ என்னவோ.

“அன்னைக்கு நீ கையசைச்சதைப் பார்த்தேன்,” என்றார். “முப்பது வருஷத்துல என்னை வழியனுப்ப வந்தது நீ ஒருத்திதான்.”

எட்னா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். “முப்பது வருஷமா நீங்க உயிரோட வந்தது ஏன்னு நினைக்கிறீங்க? யாரும் வராததாலதான்!”

“பெத்த புள்ளையை வாசல்லயே நிக்க வச்சிருக்க, எட்னா.”

எட்னா நகர்ந்து வழிவிட்டாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. மன்னிப்பெல்லாம் எங்கள் சந்தில் வழக்கம் இல்லை. கிளெண்டா உள்ளே போனாள். போகிற போக்கில் என் பக்கம் திரும்பி, “உங்க சட்டை நல்லாக் காஞ்சுதா ஆன்ட்டி?” என்றாள். யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, வேர்த்தது. பிப்ரவரி மாதத்தில்.

மறுநாள் காலை அவள் தனியாகக் கப்பல்காரர் ஆபீஸுக்குப் போய், கதவு முன்னால் நின்று, அந்தப் பாடகியின் தொண்டையால் அரை மணி நேரம் கத்தியிருக்கிறாள். கூட நின்றது ரூபி மட்டும், பூட்ஸோடு. நான் அந்தப் பக்கம் ஏதோ வேலையாகப் போயிருந்தேன். தெருவைத் தாண்டி மறுபக்கம் நின்று பார்த்தேன். தாண்டியிருக்கலாம். வால்ட்டர் பெயரில் சிவப்பு மை விழுந்தது, எட்னா சொன்னபடியே. ஆறு மாதம் கப்பல் கிடைக்கவில்லை. ஆனால் ‘லேடி மார்ஃப்ளீட்’ அடுத்த தடவை புது வயர்லெஸ்ஸோடுதான் கிளம்பியது. கையைக் கட்டியதால்தான் அதுவும் வந்தது என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ரூபி அந்தக் கோடையில் கார் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு லண்டனுக்குத் தெற்கே போய்விட்டாள். ஷூ பாழானபோது சிரித்ததற்காக பாஸ்கோம்ப் வேலையை விட்டு நிறுத்தியதும் அவன் நேராக இங்கேதான் வந்தானாம். வால்ட்டர் துறையில் மீன் இறக்கும் வேலைக்குப் போனார். எங்கள் சந்து வீடுகளை இடித்தபோது எட்னாவும் அவரும் ஊருக்கு வெளியே புது வீட்டுக்குப் போனார்கள். நான் அதே தெருவில் மூன்று வீடு தள்ளி. தெரு அகலம் என்பதால் இப்போது நிஜமாகவே ஒட்டுக்கேட்க வேண்டியிருக்கிறது.

கிளெண்டா மறுபடி பூட்ஸ் போடவில்லை. சொந்தப் பெயரில், கிளெண்டா ஸ்டாதர்ஸ் என்றே, கிளப் கிளப்பாகப் பாடினாள். பிறகு பிரயாணிக் கப்பல் ஒன்றில் பாட இடம் கிடைத்தது. அங்கே பியானோ வாசிக்கிறவனைக் கட்டிக்கொண்டாள். சௌத்தாம்ப்டனில் கல்யாணம், நான் அந்த வெள்ளைப் பட்டுச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். மணப்பெண் என்னைப் பார்த்ததும் ஒரு புருவம் மேலே போனது.

அன்று சாயங்காலமே அவர்கள் கப்பல் கிளம்பியது. வாத்தியம் முழங்கியது, மேலிருந்து வண்ணக் காகித நாடாக்கள் பறந்தன, கரையில் ஆயிரம் பேர் கை ஓயக் கையசைத்தார்கள். மேல்தளத்தில் கிளெண்டா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி எங்களைப் பார்த்து ஆட்டினாள், வேண்டுமென்றே.

வால்ட்டர் பதிலுக்கு ஆட்டினார். எட்னாவும் நானும் முதுகைத் திருப்பிக்கொண்டு, தேநீர் எங்கே கிடைக்கும் என்று தேடிப் போனோம்.